உதைக்காத கோல்கீப்பர்: ஃப்ராங்க் போர்கி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1950 ஜூன் 29. பிரேசிலின் பெலோ ஹொரிசான்டே நகரில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் உலகக் கோப்பை ஆட்டம். 82ஆவது நிமிடம். இங்கிலாந்தின் ஸ்டான் மோர்ட்டென்சன் நடுவில் கிழித்துக்கொண்டு ஓடி வந்தார். அவரைத் துரத்திய அமெரிக்காவின் சார்லி கொலம்போ, இனி பந்தை எட்ட முடியாது என்று தெரிந்ததும் பாய்ந்து ஆளையே கீழே சாய்த்தார். பெனால்டி பாக்ஸுக்குச் சற்று வெளியே நடந்ததால் இத்தாலிய நடுவர் ஜெனரோசோ தத்திலோ ஃப்ரீ கிக்கோடு விட்டார். ஆல்ஃப் ராம்சே பந்தைத் தூக்கிப் போட்டார். ஜிம்மி முல்லன் தலையால் முட்டினார். பந்து உள்ளே போய்விட்டது என்றே தோன்றியது. கடைசி நொடியில் ஒரு கை அதைத் தட்டி வெளியே தள்ளியது. கோட்டைத் தாண்டிவிட்டது என்று இங்கிலாந்து வீரர்கள் முறையிட்டார்கள். நடுவர் ஏற்கவில்லை. அமெரிக்கா 1, இங்கிலாந்து 0. அப்படியே ஆட்டம் முடிந்தது.

அந்தக் கை அமெரிக்கக் கோல்கீப்பர் ஃப்ராங்க் போர்கியுடையது. அப்போது அவருக்கு வயது 25. ஊரில் சவ ஊர்தி ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன் பேஸ்பால் வீரர், அதற்கும் முன் போர்க்களத்தில் மருத்துவ உதவியாளர்.

இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலானோர் கோல் அடித்த ஜோ கேட்ஜென்ஸைப் பற்றித்தான் எழுதினார்கள். அதில் தவறில்லை, அவர் கதை அப்படிப்பட்டது. ஆனால் 1-0 என்ற ஸ்கோரில் அந்த ஒன்றைப் போலவே பூஜ்யத்துக்கும் ஒரு காரணம் வேண்டும். அந்தப் பூஜ்யத்தை "அதிர்ஷ்டம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. போர்கி எங்கே வளர்ந்தார், எந்த விளையாட்டிலிருந்து வந்தார், எதைச் செய்ய மறுத்தார் என்று வரிசையாகப் பார்த்தால் அந்தப் பூஜ்யம் புரியத் தொடங்கும்.

தி ஹில்

போர்கி 1925 ஏப்ரல் 9 அன்று மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். வளர்ந்தது அங்குள்ள இத்தாலியர் குடியிருப்பான தி ஹில் பகுதியில். செங்கல் தயாரிக்கக் களிமண் தோண்டும் சுரங்கங்கள் இருந்த இடம் அது. அந்த வேலைக்காக வட இத்தாலியின் லொம்பார்டியிலிருந்தும் தெற்கே சிசிலியிலிருந்தும் வந்த குடும்பங்கள் அங்கே தங்கி, செயின்ட் அம்ப்ரோஸ் தேவாலயத்தைச் சுற்றி ஒரு ஊரையே உருவாக்கிக்கொண்டன.

இந்தச் சின்னப் பகுதி அமெரிக்க விளையாட்டுக்குக் கொடுத்ததை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. பேஸ்பால் உலகில் பெரும் பெயர் எடுத்த யோகி பெர்ராவும் ஜோ கரஜியோலாவும் இங்கே ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் வளர்ந்தவர்கள். பெர்ரா பிறந்தது 1925 மே மாதம், போர்கி பிறந்து ஒரு மாதம் கழித்து. கரஜியோலா அடுத்த ஆண்டு. அந்தப் பையன்கள் ஒரு விளையாட்டோடு நின்றவர்கள் அல்ல. கோடையில் பேஸ்பால், குளிர் வந்தால் கால்பந்து.

பருவம் இப்படி இரண்டாகப் பிரிந்திருந்ததுதான் போர்கியின் வாழ்க்கைக்கு அடித்தளம். அமெரிக்காவில் கால்பந்துக்கு மதிப்பே இல்லாத காலத்திலும் செயின்ட் லூயிஸ் விதிவிலக்காக இருந்தது. 1904இல் அந்நகரில் ஒலிம்பிக் நடந்தபோது கால்பந்துப் போட்டியில் கலந்துகொண்ட மூன்று அணிகளில் இரண்டு உள்ளூர் அணிகள், மூன்றாவது கனடாவிலிருந்து வந்தது. நாட்டின் முக்கியக் கோப்பையான நேஷனல் சேலஞ்ச் கோப்பையை 1920இலேயே பென் மில்லர்ஸ் என்ற செயின்ட் லூயிஸ் அணி வென்றது. தேவாலயப் பங்குகள், கடைகள், மது ஆலைகள், கார் விற்பனையாளர்கள் என்று யார் யாரோ அணி நடத்தினார்கள்.

ஆனாலும் அந்த ஊரில் பணமும் புகழும் பேஸ்பாலில்தான். 1944இல் நாட்டின் பேஸ்பால் இறுதித் தொடரில் மோதிய இரண்டு அணிகளுமே, கார்டினல்ஸும் பிரவுன்ஸும், செயின்ட் லூயிஸ் அணிகள். தி ஹில் பையன் ஒருவன் கனவு கண்டால் மட்டையையும் கையுறையையும்தான் கனவு காண்பான். போர்கியும் அப்படித்தான்.

பேஸ்பால் தந்த கை

ஆனால் முதலில் போர் வந்தது. இரண்டாம் உலகப் போரில் போர்கி அமெரிக்கத் தரைப்படையில் களமருத்துவ உதவியாளராக இருந்தார். நார்மண்டியில் தரையிறங்கி ஐரோப்பிய முனையில் பணியாற்றினார். குண்டடி பட்டவர்களுக்கு அந்த இடத்திலேயே முதல் உதவி செய்வது அவர் வேலை. வெண்கல நட்சத்திரப் பதக்கமும், காயம்பட்ட வீரர்களுக்குக் கொடுக்கப்படும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கமும் பெற்றுத் திரும்பினார். அப்போது அவருக்கு இருபது, இருபத்தொரு வயது. கோல் கம்பத்துக்கு நடுவே நிற்பதற்கான தைரியம் அங்கேதான் வந்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். நான் அப்படி எழுத மாட்டேன். போரில் பார்த்ததை ஆட்டத்துக்குப் பயிற்சியாக்கிச் சொல்வது அந்த அனுபவத்தைச் சிறுமைப்படுத்துவது.

திரும்பி வந்தபின் மைனர் லீக் பேஸ்பால் ஆடினார். அது பெரிய லீகுக்குக் கீழே உள்ள தொழில்முறைப் படிநிலை. சிறு ஊர்கள், பேருந்துப் பயணம், கொஞ்சம் சம்பளம். கார்டினல்ஸ் போன்ற ஓர் அணிக்குப் போவதற்கு முன் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் வடிகட்டப்படும் இடம். போர்கியால் அதைத் தாண்டி மேலே போக முடியவில்லை.

கால்பந்துக்கு அவர் வந்தது பேஸ்பால் இல்லாத மாதங்களில் உடம்பைத் தயாராக வைத்துக்கொள்ள. வந்ததும் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது: காலில் பந்து அவருக்கு ஒத்துவரவில்லை. கையில் பந்து என்றால் கதையே வேறு. பெரிய கைகள், நல்ல உயரம், பறந்து வரும் பந்து எங்கே விழும் என்று கணிக்கும் பழக்கம், வலுவான தோள். அப்படியானால் எங்கே நிற்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. கோல்கீப்பர் ஆனார்.

ஆனால் கோல்கீப்பருக்கும் கால் வேலை உண்டு. கோல் கிக் எடுக்க வேண்டும், கையில் பிடித்த பந்தை நீளமாக உதைத்து அனுப்ப வேண்டும். போர்கி இரண்டையும் தவிர்த்தார். கோல் கிக்கைப் பின்கள வீரர்கள் எடுத்தார்கள். விதிப்படி யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் அதில் சிக்கல் இல்லை. பிடித்த பந்தை அவர் எறிந்தார். பேஸ்பாலில் தூரத்திலிருந்து எறிந்து பழகிய தோள் அல்லவா? பந்து நடுக்கோடு வரை போகும் என்று கூட ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் சிரிப்பவர்கள் உண்டு. உதைக்கத் தெரியாதவரா உலகக் கோப்பையில் ஆடினார் என்று. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. தனக்கு வராததை வராது என்று ஒப்புக்கொண்டு, வருவதைக் கூர்மையாக்கிக்கொண்ட மனிதர் அவர். அதைவிட முக்கியம், அந்த ஏற்பாட்டை அவருடைய அணியும் ஏற்றுக்கொண்டது. ஒருவரின் குறையை மற்ற பத்துப் பேர் பங்குபோட்டுக்கொண்டார்கள்.

அந்தக் காலத்துக் கோல்கீப்பர் வேலை இன்றுபோல் பாதுகாப்பானதும் அல்ல. பந்தைப் பிடித்து நிற்கும் கோல்கீப்பரைத் தோளால் இடிக்கலாம். பந்தைத் தரையில் தட்டாமல் நான்கு காலடிக்கு மேல் நடக்கக் கூடாது. மாற்று ஆட்டக்காரர் கிடையாது, அடிபட்டால் அடிபட்டதுதான். பந்து கைக்கு வந்த மறுகணம் அதை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டும். பேஸ்பாலில் தரைப்பந்தைப் பொறுக்கி, நிமிர்வதற்குள் எந்தத் தளத்துக்கு எறிவது என்று தீர்மானிக்கிறவனுக்கு இந்த அவசரம் புதிதல்ல.

சிம்ப்கின்ஸ்-ஃபோர்ட்

போர்கியின் அணி சிம்ப்கின்ஸ்-ஃபோர்ட். ஜோ சிம்ப்கின்ஸ் என்ற ஃபோர்ட் கார் விற்பனையாளர் நடத்தியது. அந்த அணி 1948இலும் 1950இலும் நேஷனல் சேலஞ்ச் கோப்பையை வென்றது. இரண்டு முறையும் கோலில் போர்கி. கொலம்போ, ஜினோ பரியானி, பீ வீ என்று எல்லோரும் அழைத்த ஃப்ராங்க் வாலஸ் ஆகியோரும் அதே அணி. நால்வருமே தி ஹில்காரர்கள். கொலம்போ பின்களத்தில் கையுறை போட்டுக்கொண்டு ஆடுவார். கோல்கீப்பர் அல்லாத ஒருவர் எதற்குக் கையுறை போடுகிறார் என்று எதிரணி யோசித்திருக்கும். ஊரில் அவருக்குப் பெயரே "க்ளவ்ஸ்".

1950 இறுதி ஆட்டத்தில் அவர்கள் வென்றது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர் நகரைச் சேர்ந்த பொன்டா டெல்கடா அணியை. அந்த அணியின் ஜான் சூசாவும் எட் சூசாவும் சீக்கிரமே போர்கியோடு பிரேசிலுக்கு விமானம் ஏறினார்கள். அமெரிக்கக் கால்பந்தின் உலகம் அவ்வளவு சிறியது.

நாட்டுக்காக போர்கி ஆடியது மொத்தம் 9 ஆட்டங்கள், 1949 முதல் 1954 வரை. இன்றைய கணக்கில் ஒரே ஆண்டில் ஆடிவிடக்கூடிய எண்ணிக்கை. 1949இல் மெக்சிகோ நகரில் நடந்த தகுதிச் சுற்றில் அமெரிக்கா மெக்சிகோவிடம் 0-6, 2-6 என்று தோற்றது. கியூபாவோடு ஒன்று சமன், ஒன்று 5-2 வெற்றி. அந்த ஒரு வெற்றியால்தான் உலகக் கோப்பைக்கு இடம் கிடைத்தது.

பிரேசிலுக்குப் போன அணியைப் பாருங்கள். வால்டர் பார் ஃபிலடெல்ஃபியாவில் பள்ளி ஆசிரியர். ஹாரி கியோ தபால்காரர். கேட்ஜென்ஸ் நியூயார்க்கில் படித்துக்கொண்டே ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். போர்கி உறவினரின் இறுதிச் சடங்கு நிலையத்தில் வண்டி ஓட்டினார். பயிற்சியாளர் பில் ஜெஃப்ரி, பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பயிற்சி கொடுத்துவந்த ஸ்காட்லாந்துக்காரர். வேலையில் விடுப்புக் கிடைக்காமல் பயணத்தையே கைவிட்ட வீரரும் உண்டு.

அவர்களோடு ஆட்டத்தைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து போன பத்திரிகையாளர் ஒரே ஒருவர்தான். செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச் நாளிதழின் டென்ட் மெக்ஸ்கிம்மிங். அவரும் விடுமுறை எடுத்து, சொந்தக் காசில் போனவர்.

ஸ்பெயினோடு ஓர் ஒத்திகை

இங்கிலாந்து ஆட்டத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்பதால்தான் அது அதிசயம்போலத் தெரிகிறது. நான்கு நாளுக்கு முன் ஜூன் 25 அன்று குரிடிபாவில் நடந்ததைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதிரே ஸ்பெயின். 17ஆவது நிமிடத்தில் பரியானி கோல் போட்டார். அதன்பின் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, ஏறக்குறைய 80ஆவது நிமிடம் வரை, அமெரிக்காதான் முன்னிலை. கடைசிப் பத்து நிமிடத்தில் ஸ்பெயின் மூன்று கோல் போட்டு 3-1 என்று வென்றது.

தோல்விதான். ஆனால் அந்தத் தொடரில் கடைசி நால்வரில் ஒன்றாக வந்த அணியை அத்தனை நேரம் கோல் இல்லாமல் நிறுத்தி வைத்திருந்தது இதே பின்களமும் இதே கோல்கீப்பரும்தான். பெலோ ஹொரிசான்டேயில் நடந்தது வானத்திலிருந்து குதித்ததல்ல. குரிடிபாவில் 80 நிமிடம் செய்ததை இங்கே 90 நிமிடம் செய்தார்கள். வித்தியாசம் அந்தப் பத்து நிமிடம்தான். சொல்வது எளிது, அந்தப் பத்து நிமிடத்தில்தான் மோர்ட்டென்சன் ஓடி வந்தார், முல்லன் முட்டினார்.

90 நிமிடம்

இங்கிலாந்துக்கு அது முதல் உலகக் கோப்பை. அதுவரை போட்டியை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. அணியில் டாம் ஃபின்னி, வில்ஃப் மேனியன், மோர்ட்டென்சன், தலைவர் பில்லி ரைட். உலகம் அறிந்த ஸ்டான்லி மேத்யூஸ் வெளியே அமர்ந்திருந்தார், சிலியை 2-0 என்று வென்ற அணியை மாற்ற வேண்டாம் என்று தேர்வாளர் ஆர்தர் ட்ரூரி முடிவு செய்ததால். கோல் எத்தனை விழும் என்பதுதான் கேள்வியாக இருந்தது. போர்கியே பின்னாளில் சொன்னார், நான்கைந்து கோலோடு அவர்களை நிறுத்தினால் போதும் என்றுதான் நினைத்தாராம்.

முதல் 90 நொடிக்குள்ளேயே ராய் பென்ட்லியின் பந்தை போர்கி தடுக்க வேண்டியிருந்தது. 12ஆவது நிமிடத்துக்குள் இங்கிலாந்துக்கு ஆறு தெளிவான வாய்ப்புகள். இரண்டு கம்பத்தில் பட்டன, ஒன்று மேலே போனது, ஒன்றை போர்கி பிடித்தார். கம்பத்தில் பட்டது அதிர்ஷ்டம், மறுக்கவில்லை. 25ஆவது நிமிடம் வரை அமெரிக்கா இங்கிலாந்தின் கோலை நோக்கி ஒருமுறைகூட அடிக்கவில்லை. 32ஆவது நிமிடத்தில் ஃபின்னி தலையால் முட்டியதை போர்கி தள்ளிவிட்டார்.

38ஆவது நிமிடம். எட் மெக்கில்வெனி த்ரோ-இன் எறிந்தார், பார் அதை வாங்கி 25 கெஜ தூரத்திலிருந்து அடித்தார். இங்கிலாந்து கோல்கீப்பர் பெர்ட் வில்லியம்ஸ் அதற்காக நகர்ந்துவிட்டார். கேட்ஜென்ஸ் கூட்டத்துக்குள் பாய்ந்து தலையைக் கொடுத்தார். பந்து திசை மாறி வலையில்.

மைதானத்தில் 10,151 பேர். இங்கிலாந்து வெளியேறினால் தங்கள் அணிக்கு நல்லது என்று நினைத்த பிரேசில்காரர்கள் அமெரிக்காவுக்காகக் கத்தத் தொடங்கினார்கள். இரண்டாம் பாதியில் 59ஆவது நிமிடத்தில் மோர்ட்டென்சனின் ஃப்ரீ கிக், போர்கி தடுத்தார். அப்புறம் 82ஆவது நிமிடம். முடிந்ததும் ரசிகர்கள் உள்ளே புகுந்து கேட்ஜென்ஸைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கிரிக்கெட் பார்க்கும் நம் வாசகர்களுக்கு இன்னொரு செய்தி. அதே நாளில் லார்ட்ஸ் மைதானத்தில் ராமதீனும் வாலன்டைனும் சேர்ந்து இங்கிலாந்தைச் சுருட்டினார்கள். இங்கிலாந்து மண்ணில் மேற்கிந்தியத் தீவுகளின் முதல் டெஸ்ட் வெற்றி அது. லண்டன் பத்திரிகைகளுக்கு ஒரே நாளில் இரண்டு அடி. ஸ்கோரைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்து 10-1 என்று மாற்றிப் போட்டார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. நல்ல கதை, ஆனால் அதை நான் நம்பவில்லை.

அது எப்படி நடந்தது

முழு ஆட்டத்தின் படச்சுருள் கிடையாது. வீரர்களின் நினைவுகளும் அன்றைய செய்திகளும்தான் நமக்கு இருப்பவை. அவற்றை வைத்துக்கொண்டு என் கணிப்பைச் சொல்கிறேன்.

பலவீனமான அணி எதிரணியின் தாக்குதலைத் தடுத்துத் தடுத்துச் சோர்ந்து போவது ஏன்? பந்தைத் தடுப்பது மட்டும் போதாது, தடுத்த பந்து மறுபடி யாரிடம் போகிறது என்பதே கேள்வி. கோல்கீப்பர் நீளமாக உதைத்தால் பந்து மேலே போய் நடுக்களத்தில் விழும். அங்கே காற்றில் போட்டி. உடல் வலுவும் அனுபவமும் உள்ள இங்கிலாந்தின் பின்களத்துக்கு அந்தப் போட்டி தின்பண்டம் மாதிரி. பந்து உடனே திரும்பி வரும். அடுத்த அலை, அதற்கடுத்த அலை.

போர்கி உதைக்கவில்லை. எறிந்தார். கையால் எறியும் பந்து குறிப்பார்த்துப் போகும், தாழ்வாகப் போகும், காலில் வாங்கிக்கொள்ள வசதியாகப் போகும். இருபுறமும் நின்ற பார், மெக்கில்வெனி போன்றவர்கள் நிதானமான ஆட்டக்காரர்கள், பந்தை வைத்திருக்கத் தெரிந்தவர்கள். அவர்களிடம் நேராகப் பந்து போனால் அணிக்கு அரை நிமிடமாவது மூச்சுவிட நேரம். அந்த அரை நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள். போர்கிக்கு உதைக்க வந்திருந்தால் எல்லோரையும்போல உதைத்திருப்பார், அணியும் அலை அலையாக அடிவாங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். இன்று பெரிய பயிற்சியாளர்கள் கோல்கீப்பரைத் தாக்குதலின் தொடக்கப்புள்ளி என்று வகுப்பெடுக்கிறார்கள். 1950இல் அதற்குப் பெயர் இல்லை.

இரண்டாவது, உயரமாக வரும் பந்து. இங்கிலாந்தின் பழைய ஆயுதமே பக்கவாட்டிலிருந்து உயர்த்திப் போட்டுத் தலையால் முட்டுவது. காற்றில் வளைந்து வரும் பந்தின் கீழே போய் நிற்பது பேஸ்பால் வீரனுக்குச் சிறுவயதிலிருந்தே வந்த கலை. எதிரணி எந்த வழியாகத் தாக்கியதோ அந்த வழியில்தான் போர்கி மிகவும் பலமாக இருந்தார். அவரைத் தோற்கடிக்கத் தரையோடு ஒட்டிய பந்தும், ஆட்களைக் கடந்து நெருங்கி வருவதும் வேண்டியிருந்தது. மூன்று நாள் கழித்து ரெசிஃபியில் சிலி ஐந்து கோல் போட்டதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2-2 வரை வந்த அமெரிக்கா கடைசியில் 5-2 என்று தோற்றது. உடல் களைப்பு, நீண்ட பயணம், வெயில் எல்லாம் சேர்ந்தது. மூன்று ஆட்டத்தில் போர்கி விட்டது எட்டு கோல். அவரைக் குறையே இல்லாத கோல்கீப்பர் என்று காட்டுவது என் நோக்கம் அல்ல.

மூன்றாவது, முன்னால் நின்றவர்கள். தி ஹில் பையன்கள் நான்கு பேர் ஒரே கிளப்பில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடியவர்கள். கியோவும் செயின்ட் லூயிஸ்காரர். போர்கி எப்போது வெளியே வருவார், எப்போது கோட்டிலேயே நிற்பார் என்று கொலம்போவுக்குத் தெரியும். இங்கிலாந்து அணியில் தனித்தனியாக ஒவ்வொருவரும் பெரியவர்கள். ஆனால் பல கிளப்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த அணி அது. அமெரிக்க அணியின் மறுபாதியும் அப்படித்தான், ஸ்காட்லாந்து, பெல்ஜியம், ஹெய்ட்டி என்று பிறந்த இடமே வேறு. தி ஹில் நால்வர் மட்டும் ஒரு தெருவின் அணிபோல இருந்தார்கள். மெக்கில்வெனி, ஜோ மாகா, கேட்ஜென்ஸ் மூவரும் குடியுரிமை இல்லாமல் ஆடினார்கள் என்ற புகாரை ஃபிஃபா விசாரித்து, அன்றைய விதிகளுக்கு உட்பட்டதுதான் என்று அந்த ஆண்டு இறுதியில் முடித்தது.

ஊர் திரும்பிய பிறகு

வரவேற்பு ஒன்றும் இல்லை. நாட்டுக்கே செய்தி தெரியவில்லை. போர்கி பழைய வேலைக்குத் திரும்பினார், இறுதிச் சடங்குத் தொழிலிலேயே வாழ்க்கையை நடத்தினார். 1954 உலகக் கோப்பைக்கு அமெரிக்கா தகுதி பெறவில்லை. அடுத்துத் தகுதி பெற்றது 1990இல். நாற்பது ஆண்டு. அந்த நாற்பது ஆண்டில் அந்தப் பதினொரு பேரின் பெயரைக் கேட்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

1976இல் அந்த அணியினர் அமெரிக்காவின் தேசியக் கால்பந்துப் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார்கள். கேட்ஜென்ஸ் அதைப் பார்க்கவில்லை. 1964 ஜூலையில் ஹெய்ட்டியில் சர்வாதிகாரி டுவாலியேயின் ரகசியப் போலீஸ்படை அவரைப் பிடித்துக்கொண்டு போனது. அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. வெற்றிக் கதையாக மட்டும் இதைச் சொல்லும்போது இந்த மனிதர் விடுபட்டுப்போவது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

மற்றவர்களில் கியோ பயிற்சியாளரானார். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணியை ஐந்து முறை நாட்டின் சாம்பியனாக்கினார். பாரின் மகன்கள் கிறிஸும் மேட்டும் செய்ததுதான் இந்த ஆய்வுக்குப் பொருத்தமான துணைக்கதை. இருவரும் கால்பந்தில் பழகிய காலை எடுத்துக்கொண்டு அமெரிக்கன் ஃபுட்பாலுக்குப் போய், அதன் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் கிக்கர்களாகி, அந்த லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வென்றார்கள். போர்கி பேஸ்பாலின் கையைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தார், பார் வீட்டுப் பிள்ளைகள் கால்பந்தின் காலை வேறு விளையாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

போர்கிக்குப் பின்னும் அமெரிக்கக் கோல்கீப்பர்கள் இதே கதவு வழியாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள். 1990இல் கோலில் நின்ற டோனி மியோலாவை நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி தேர்வு செய்திருந்தது. டிம் ஹோவர்ட் பள்ளியில் கூடைப்பந்து ஆடியவர். பிராட் ஃப்ரீடலும் ஒஹையோவில் கூடைப்பந்தில் பெயர் எடுத்தவர். ஒரே விளையாட்டில் ஏழு வயதிலேயே பிள்ளையைப் பூட்டிவைக்கிற இன்றைய அகாடமிகளைப் பார்க்கும்போது, இந்த வரிசையை அவர்கள் ஒருமுறை படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

போர்கி 2015 பிப்ரவரி 2 அன்று செயின்ட் லூயிஸில் 89 வயதில் காலமானார். அன்று ஆடிய பதினொரு பேரில் அதன்பின் மிஞ்சியவர் பார் மட்டும். அவரும் 2018இல் மறைந்தார்.

உலகக் கோப்பையில் அமெரிக்கா கோல் விடாமல் முடித்த ஆட்டங்களில் முதலில் வருபவை 1930இல் ஜிம்மி டக்ளஸ் கோலில் நின்ற இரண்டு. அப்புறம் 1950இல் போர்கியின் இந்த ஒன்று. அதற்கடுத்தது 2002 ஜூன் 17, தென்கொரியாவின் ஜியோன்ஜு நகரில், மெக்சிகோவுக்கு எதிராக 2-0. அன்று கோலில் நின்றவர் ஃப்ரீடல். இடையில் 52 ஆண்டு. அந்த ஆட்டம் நடந்தபோது போர்கிக்கு வயது 77.